நோயுற்றவர் மட்டும் அறியாத நோய்

புற்றுநோய் ஒரு வீட்டிற்குள் நுழையும்பொழுது அதனுடன் ஒரு பொய்யும் சேர்ந்து நுழைந்துவிடுகின்றது. மருத்துவர் கூறியதை மகன் அறிவான்; மருமகன் அறிவான்; அடுத்த தெரு உறவினரும் அறிவர். நோயுற்ற தாய் மட்டும் அறியார். ‘வயிற்றில் புண், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும்’ என்பதே அவருக்குச் சொல்லப்படும் செய்தி. அன்பினால் பிறந்த இப்பொய் அவருக்கு நன்மை தருகின்றதா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டாசும் தீப்பெட்டியும் இவ்வட்டாரத்தின் சோறு. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை என்பது இங்குள்ள பல வீடுகளின் நிலை. இங்கு வாழும் ஒரு பெண் தம் மார்பில் கட்டி ஒன்றைக் கண்டால், வலி இல்லையே என்று நாளைக் கடத்துவார். தமிழகப் பெண்களை மிகுதியாகத் தாக்குவன மார்பகப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றுமே. தொடக்கத்தில் கண்டறிந்தால் இவ்விரண்டையும் பெரும்பாலும் குணப்படுத்த இயலும். ஆனால் நோயின் பெயரைச் சொல்லவே கூசும் ஊரில் அறிகுறியைச் சொல்ல யார் முன்வருவர்? ‘வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது’ என்னும் அச்சம் ஒருபுறம். தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கும் அறியாமை மறுபுறம். உடன் உண்பதாலோ உடன் உறங்குவதாலோ புற்றுநோய் தொற்றாது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. அவற்றுள் முதலிடம் நோயாளிக்கே என்பதை நோக்குதல் வேண்டும். உரைகண்ட பரிமேலழகர், தம் நோயின் நிலையை எடுத்துரைப்பதும் மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதும் நோயாளிக்கு வேண்டிய பண்புகள் என்றார். வயிற்றுப் புண் என்று நம்பியிருப்பவர் தலைமுடி உதிர்வதையும் ஓயாத குமட்டலையும் எதற்காகப் பொறுப்பார்? இரண்டு முறை மருந்து ஏற்றிய பின் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று அவர் மறுத்தால் குற்றம் யாருடையது? பேணுபவருக்கு அன்பும் வேண்டும், அறிவும் வேண்டும் என்றும் அவ்வுரை கூறுகின்றது. நம் குடும்பங்களில் அன்புக்குக் குறைவில்லை, குறைவது மற்றொன்றே.

‘உண்மையைச் சொன்னால் மனம் ஒடிந்துவிடுமே’ என்று பெரியோர் கேட்பர். அவர்தம் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஒரே மூச்சில் போட்டு உடைக்குமாறு நாம் கூறவும் இல்லை. எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்று முதலில் அவரையே கேட்கலாம்; மருத்துவர் துணையுடன் சிறிது சிறிதாகச் சொல்லலாம். ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் சொல்வாராயின் அதுவும் அவர் முடிவே. கேட்காமலே மறைப்பதுதான் முறையன்று. அடுத்த கட்டிலில் இருப்பவர் வாயிலாக ஒருநாள் அவர் அறியத்தான் போகின்றார். அன்று நோயோடு தனிமையும் அவரை வாட்டும். கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கவும், மக்களிடம் மனம்விட்டுப் பேசவும், விட்டுப்போன உறவைக் கூட்டிக்கொள்ளவும் உரிய நாள்களை நாமே அவரிடமிருந்து பறித்தவர்கள் ஆவோம்.

நோயின் பெயரைத் துணிந்து சொன்ன ஒரு குடும்பத்தால் தமிழகம் பெற்ற பயன் பெரிது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் மறைந்தார். அத்துயரை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. மேடைகளில் அந்நோயைப் பற்றிப் பேசினார். அதற்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் போராடினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை ஆலமரமாக வளர்த்தனர்.

இன்று உதவிகள் இல்லாமல் இல்லை. 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வந்து வலிதணிப்புப் பராமரிப்பு அளிக்கின்றது. நோயை மறைக்கும் வீடு இவ்வுதவிகளைக் கேட்கவும் தயங்கும். மதுரைக்கு அழைத்துச் செல்வதும் இரவில் கண்விழிப்பதும் சமைப்பதும் ஒரே மருமகளின் தலைமேல் விழும்; அவர் கூலியும் போகும். உண்மை தெரிந்த தெருவோ ஒரு நாள் சோறு கொடுக்கும். ஒரு நாள் துணைக்கு வரும்.

ஆகவே இம்மலரைப் படிக்கும் மாணவர்களிடம் நாம் வேண்டுவது இது: உங்கள் தெருவில் ஒரு வீடு இந்நோயால் வாடுமாயின், காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள், மருத்துவமனைக்கு ஒருமுறை உடன் செல்லுங்கள். ஊர்ப் பெரியோரிடம் வேண்டுவது, பந்தியிலும் பேச்சிலும் அக்குடும்பத்தை ஒதுக்காதிருக்க முன்மாதிரியாய் நிற்றல். குடும்பத்தாரிடம் வேண்டுவது ஒன்றே: நோயுற்றவர் அருகில் அமர்ந்து, ‘உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று கேளுங்கள். அவர் கேட்பதற்கு மெய்யான விடை கூறுங்கள்.