பெயர் தெரியாத வியாதிக்கு நீங்கள் பெயர் சூட்டாதிருங்கள்

தியானப் பகுதி: யோவான் 9:1-7, யோபு 2:11-13



நம்முடைய சபைகளின் ஜெபக் குறிப்புகளில் மாதக்கணக்கில் நீங்காமல் நிற்கும் சில பெயர்கள் உண்டு. ஒருவருக்குக் கால் திடீரென்று மரத்துப்போகிறது. ஒருவருக்குக் கை நடுங்குகிறது. இன்னொருவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கி, சில வாரங்களில் திரும்புகிறது. இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் முடிந்த பிறகும், "மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம்" என்று மருத்துவர் அனுப்பிவிடுகிறார். வியாதி இருக்கிறது, அதற்கு இன்னும் பெயர் இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் நாம் பேசுகிற பேச்சைக் குறித்தே இவ்வாரம் எழுதுகிறேன். கடிந்துகொள்ளாமல் இதை எழுத இயலவில்லை.

மருத்துவர் பெயரிடத் தயங்குகிற வியாதிக்கு, விசுவாசிகளாகிய நாம் ஐந்து நிமிடத்தில் பெயரிட்டுவிடுகிறோம். ஒருவர் மறைவான பாவம் என்கிறார். மற்றொருவர் விசுவாசக் குறைவு என்கிறார். வேறொருவர், உறவினர் யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று காதோடு சொல்லிவிட்டுப் போகிறார். படித்தவர்களோ, எல்லாம் மனப்பிரமை என்று முடித்துவிடுகிறார்கள். இவர்கள் நால்வரும் செய்வது ஒன்றே: அறியாததை அறிந்ததாகச் சொல்கிறார்கள், அதையும் கர்த்தருடைய நாமத்தினால் சொல்கிறார்கள்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்றே கேட்டார்கள். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். அவர்கள் அவனை விவாதப் பொருளாக்கினார்கள். அவர் மண்ணைக் குழைத்து அவன் கண்களில் பூசினார். நாம் ஏன் சீஷர்களின் கேள்வியையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? அது நமக்கு ஆறுதல் தருகிறது. அந்தச் சகோதரியின் வியாதிக்கு அவளுடைய பாவமே காரணம் என்றால், அது நமக்கு வராது என்று நாம் நிம்மதியாக உறங்கலாம். அவளைத் தேற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டு நம்முடைய பயத்தையே தேற்றிக்கொள்கிறோம்.

நரம்பு மண்டலத்தின் வியாதிகள் மெதுவாகவே தங்களைக் காட்டிக்கொடுப்பவை. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று உறுதி செய்ய, பாதிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களில் நேர்ந்ததற்கான சான்றை மருத்துவர் தேடுகிறார். முதல் தாக்குதலிலேயே அது கிடைக்காமற்போகலாம். மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர் காலையில் திடமாக நடப்பார், மாலையில் இமை சரிந்து சோர்வார். வீட்டார் அதை நடிப்பு என்பார்கள். வலிப்புள்ளவருக்கு, வலிப்பு வராத நேரத்தில் எடுக்கும் மூளை மின்னலைப் பதிவு இயல்பாகவே இருக்கக்கூடும். ஸ்கேனில் எந்தச் சேதமும் தெரியாமல், மூளை உடலோடு தொடர்புகொள்ளும் முறை மட்டும் குலைந்துபோகிற நோய்களும் உண்டு. அவையும் மெய்யான நோய்களே. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஆகையால் "ரிப்போர்ட் நார்மல்" என்பதற்கு "உனக்கு ஒன்றுமில்லை" என்று பொருள் கொள்ளாதிருங்கள்.

"போதகரே, மத்தேயு 17இல் ஆண்டவர் பிசாசைத்தானே துரத்தினார்?" என்று கேட்பீர்கள். ஆம், துரத்தினார். ஆனால் அதே மத்தேயு 4:24இல் பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று மூன்று கூட்டத்தாரைத் தனித்தனியே எழுதியிருக்கிறார். வேதம் பிரித்துக் காட்டியதை நாம் ஒன்றாகக் குழப்புவது எப்படி? மாற்கு 9ஐயும் வாசியுங்கள். இது எத்தனை காலமாக நேரிடுகிறது என்று ஆண்டவர் அந்தத் தகப்பனிடம் விசாரித்தார். பாதி விசுவாசமும் பாதி அவிசுவாசமுமாக அழுத அவனை அவர் தள்ளிவிடவில்லை. எல்லாம் அறிந்தவர் கேட்டு அறிகிறார். ஒன்றும் அறியாத நாம் கேளாமலே தீர்ப்புச் சொல்கிறோம்.

"அப்படியானால் சுகமளிக்கும் தேவனை நீங்கள் விசுவாசிக்கவில்லையா?" என்ற கேள்வியும் வரும். விசுவாசிக்கிறேன்; யாக்கோபு 5இன்படி எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன். ஆனால் அந்தப் பகுதியில் பாவத்தைப் பற்றிய வார்த்தை, ஒருவேளை செய்திருந்தால் என்கிற நிபந்தனையோடுதான் வருகிறது. அந்த நிபந்தனையை அழித்துவிட்டுப் பிரசங்கிக்க நமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? பவுலின் முள் இன்னதென்று இன்றுவரை நமக்குச் சொல்லப்படவில்லை. மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. துரோப்பீமுவை அவர் மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்தார். இவர்களெல்லாம் விசுவாசம் குறைந்தவர்களா?

மேடையில் நின்று "மாத்திரையை எறிந்துவிடு, அதுவே விசுவாசம்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், ஓயாத வலிப்பு வந்து உயிரே போகக்கூடும். அந்த இரத்தப்பழி யார்மேல் சுமரும்? 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனையில்தான், 1949இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை நிறுவினார். முழங்காலில் நின்ற ஜனங்கள் கட்டிய ஸ்தாபனம் அது. அவர்களுடைய சந்ததியாகிய நாம், ஸ்கேன் எடுப்பதை அவிசுவாசம் என்பது வெட்கக்கேடு.

அப்படியானால் நாம் என்ன செய்யவேண்டும்? யோபுவின் சிநேகிதரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து மௌனமாயிருந்தார்கள். அவர்கள் செய்த நன்மை அதுவே. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின் நிகழ்ந்ததற்காகக் கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொண்டார். நீங்களும் மருத்துவமனை வரிசையில் கூட நில்லுங்கள். பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவு கொண்டுபோய்க் கொடுங்கள். "என்ன வியாதியென்று தெரிந்ததா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பதை விட்டு, "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். சாட்சி சொல்லும்படி அவசரப்படுத்தாதிருங்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதிருங்கள்.

காத்திருக்கிற சகோதரனே, சகோதரியே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த நாளில், எந்த வேளையில், எவ்வளவு நேரம் என்று அறிகுறிகளை எழுதிவையுங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பேருதவி. முகம் கோணினாலும், ஒரு கை சோர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், பலவீனம் காலிலிருந்து வேகமாக மேலேறினாலும், ஜெபக் கூட்டம் முடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போகிற வழியில் ஜெபிக்கலாம்.

மற்ற நாட்களில், எதுவரைக்கும் என்று தேவனிடம் கேட்க அஞ்சாதிருங்கள். தாவீது 13ஆம் சங்கீதத்தில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். சபை பாடும்படி அது வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வியாதியின் பெயர் எந்த அறிக்கையிலும் இன்னும் எழுதப்படாமல் இருக்கலாம். உங்கள் பெயரோ அவருடைய உள்ளங்கைகளில் வரையப்பட்டிருக்கிறது.

கர்த்தர்தாமே காத்திருக்கிறவர்களுக்குப் பெலனையும், அவர்களோடு இருக்கிற நமக்கு அடங்கிய நாவையும் தந்தருள்வாராக. ஆமென்.