கரையில் நின்ற பையன்

ஆங்கிலேயப் பையன்களுக்கென்று சரித்திரக் கதைகள் எழுதிப் பெரும் புகழ் அடைந்தவர் ஜி. ஏ. ஹெண்டி. 1832இல் பிறந்து 1902இல் காலமான இவர் நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்களை எழுதினார். எழுதினார் என்பதைவிடச் சொன்னார் என்பதே பொருந்தும். இவர் வாயால் சொல்லிக்கொண்டே போகக் காரியதரிசி எழுதிக்கொண்டே போவது வழக்கம். யுத்த நிருபராகப் பல தேசங்களைச் சுற்றியவராதலால், பீரங்கிப் புகைக்கும் குதிரைக் குளம்பொலிக்கும் இவர் கதைகளில் பஞ்சமே கிடையாது.

இவருடைய புத்தகங்களில் இரண்டைச் சேர்த்து வாசித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று புலப்படும். ஒன்று, 1884இல் வெளிவந்த ‘கிளைவுடன் இந்தியாவில்’. அதில் சார்லி மேரியட் என்ற பையன் தந்தையை இழந்து, கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னைப்பட்டணத்துக்குக் கப்பல் ஏறுகிறான். பேனாவைக் கீழே வைத்து வாளை எடுக்கிறான். 1751இல் நடந்த ஆர்க்காட்டு முற்றுகையில் வீரனாகிறான். மற்றொன்று, 1891ஆம் ஆண்டுப் பதிப்பு. கார்ட்டெஸ் மெக்ஸிகோவைப் பிடித்த கதை. அதில் ராஜர் ஹாக்ஷா என்ற பையன் வந்த கப்பல் டபாஸ்கோ கரையில் உடைந்து போகிறது. தப்பிப் பிழைத்தவனைக் கண்டு அவ்வூர் ஜனங்கள் இவன் மனிதன்தானா என்று திகைக்கிறார்கள். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டால் ஆர்க்காட்டின் அட்டைக்குள் மெக்ஸிகோவைத் தைத்துவிடலாம். பைண்டு செய்கிறவருக்குக்கூட வித்தியாசம் தெரியாது!

ஹெண்டிக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேதிகளிலும் யுத்தங்களின் போக்கிலும் அவர் அக்கறை எடுத்துக்கொண்டார். அவர் புத்தகத்தை எடுத்த பையன் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எழுந்து வரமாட்டான். இதெல்லாம் உண்மையே. ஆனால் அவர் கதையில் கதாநாயகன் எப்பொழுதும் கப்பலில் வருகிறவன். கரையில் நிற்கிறவன் ஒன்று சதி செய்வான், அல்லது சலாம் போடுவான்; மூன்றாவது காரியம் அவனுக்குத் தெரியாது.

இது ஹெண்டியோடு முடிந்துபோன பழங்கதை என்று எண்ண வேண்டாம். அமெரிக்க ஆசிரியர் ஸ்காட் ஓடெல், மாயா மக்களிடையே அகப்பட்ட ஜூலியன் எஸ்கோபார் என்ற ஸ்பானிய வாலிபனைப் பற்றி 1979இல் ‘சிறைப்பட்டவன்’ என்னும் நாவலை வெளியிட்டார். குருமார் பயிற்சியில் இருந்த ஜூலியன், மாயா மக்களின் தெய்வமாகிய குக்குல்கானாக நடிக்கத் துணிகிறான். நடிக்க நடிக்க அவன் மனசாட்சி எப்படி அரித்துப்போகிறது என்பதே கதை. ஹெண்டியைவிட இது எவ்வளவோ மேல். கப்பலில் வந்தவனைக் கதாநாயகனாக வைத்துக்கொண்டே அவனை நியாயத்தின் முன் நிறுத்துகிறது. ஆயினும் கண் அவனுடைய கண்ணாகவே இருக்கிறது.

இந்தக் கண் எங்கே தொடங்கிற்று என்று தேடிப்போனால் 1502ஆம் வருஷத்துக்கு வந்து சேருகிறோம். கொலம்பஸ் தம் நான்காவது பிரயாணத்தில், ஹொண்டுராஸ் கரைக்கு எதிரேயுள்ள தீவொன்றின் அருகே ஒரு பெரிய வியாபாரத் தோணியைக் கண்டார். ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணி. துடுப்புப் போட இருபத்தைந்து ஆட்கள். நடுவில் ஓலைக் கூரை. அதன் கீழே பெண்டுகளும் பிள்ளைகளும். பருத்தித் துணிகளும், செம்புக் கோடரிகளும், பணம்போல் கைமாறும் கொக்கோக் கொட்டைகளும் அதில் இருந்தன. கொட்டை ஒன்று கீழே விழுந்தால், கண்ணே விழுந்துவிட்டதுபோல் பதறிக் குனிந்து எடுத்தார்களாம். இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், கொலம்பஸின் மகன் பெர்னாண்டோ அக்கப்பலில் இருந்தான். பிற்காலத்தில் தந்தையின் சரித்திரத்தை எழுதினான். அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று.

கப்பலில் ஒரு பையன். தோணியில் சில பிள்ளைகள். ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள் அல்லவா? பெர்னாண்டோவின் பெயர் நமக்குத் தெரியும். ஓலைக் கூரையின் கீழ் இருந்த பிள்ளைகள் ஒருவரின் பெயரும் தெரியாது. தோணியிலிருந்த முதியவர் ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்து வைத்துக்கொண்டு கப்பல் மேலே சென்றது. அந்தக் கிழவர் கப்பலில் ஏற்றப்பட்டபோது பிள்ளைகளின் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத அங்கே யாருமில்லை.

அவர்களிடம் எழுத்து இல்லாமற்போகவில்லை. மாயா மக்கள் மரப்பட்டைக் காகிதத்தில் சித்திர எழுத்தால் எழுதிய ஏடுகள் வைத்திருந்தார்கள். டியேகோ டி லாண்டா என்ற பாதிரியார் 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் அவற்றைக் குவித்துக் கொளுத்தினார். தப்பியவை என்று உலகம் அறிந்தவை நான்கே. பிறகு அதே லாண்டா அம்மக்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதினார் என்பதும், அதில் அவர் குறித்து வைத்த எழுத்துக்களைக் கொண்டே ருஷ்ய அறிஞர் நோரோஸவ் 1952இல் மாயா எழுத்தை வாசிக்க வழி கண்டார் என்பதும் விதியின் ஹாஸ்யம் போலும்.

லாண்டாவின் அந்த நூலில் நம் கரையாருக்குச் சட்டென்று பிடிபடும் பகுதி ஒன்று உண்டு. யுகட்டான் நாட்டின் கடலோரத்தில் பல காத தூரம் நீண்டு கிடக்கும் உப்பங்கழியையும், அங்கே மக்கள் உப்பு வாரி எடுப்பதையும் அவர் வர்ணிக்கிறார். மாயா நாட்டுக்கு உப்பளித்த பெரிய கரை அதுதான். வெயிலும் காற்றுமே அங்கே அடுப்பும் விசிறியும். தோணிகளில் ஏறிய உப்பு கரையோரமாகத் தூர தேசங்களுக்குப் போயிற்று.

மரக்காணத்தில் வெயில் காலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு வடக்கே, கழுவேலி ஏரியும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலை அணுகும் இடத்தில், பாத்தி பாத்தியாக நிலம் கண் கூசக் கிடக்கிறது. உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றிக் காய வைக்கிறார்கள்; கடைசிப் பாத்தியில் வெள்ளை பூக்கிறது; நீண்ட கழி பூட்டிய பலகையால் அதை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். உப்பு நீரில் நின்று நின்று உள்ளங்கால் வெடித்தவர்கள் இந்த வேலையைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். சென்னை ராஜதானியில் கம்பெனியார் 1805இல் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டதும், 1930இல் ராஜாஜி வேதாரணியத்தில் அந்தச் சட்டத்தை மீறியதும், 1947இல் உப்பு வரி ஒழிந்ததும் எந்த வீட்டுக் குழந்தையும் அறிந்த செய்திகள். அளத்தில் நின்ற குழந்தையின் கதைதான் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

நம் இலக்கியம் அக்குழந்தையை மறந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். மரக்காணத்துக்கு வடக்கே இடைக்கழிநாடு என்ற பெயர் இன்றைக்கும் வழங்குகிறது. அவர் பாடிய எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் துணிபு. அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரம், ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோல் கிடக்க, அதை விறகாக்கி அடுப்பு மூட்டிய நெய்தல் நில வீடுகளை அவர் காட்டுகிறார். கொற்கையைப் பற்றிச் சொல்லும் வேறோர் இடத்தில் இன்னும் அழகான காட்சி: உப்பு வண்டியோடு வந்த மந்தி ஒன்று, சிப்பிக்குள் முத்துக்களைப் போட்டுக் கிலுகிலுப்பையாக்கி, உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுகிறது. உப்பு வாணிகன் மகன், அவனுக்குத் தோழனாக ஒரு குரங்கு, ஊர் ஊராகப் போகும் வண்டி! பையன்களுக்கு ஒரு கதை தொடங்க இதைவிட வேறென்ன வேண்டும்? லாண்டாவின் தீயைப் போன்ற தீ இந்த ஏட்டைத் தீண்டவில்லை. கரையானுக்குத் தப்பியதை உ. வே. சாமிநாதையர் தேடிச் சேர்த்து, 1889இல் பத்துப்பாட்டாக அச்சேற்றினார்.

இனிக் கப்பல் வந்த காலத்துக்கு வருவோம். மரக்காணத்திலிருந்து சற்று வடக்கே, கடப்பாக்கத்தின் அருகில், உப்பங்கழி கடலைத் தொடும் இடத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் இது துறைமுகமும் நாணயசாலையும் கொண்டு விளங்கிற்று. 1750இல் முஸாபர் ஜங் இதைப் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார். 1760 ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றனர்; அதே ஆண்டில் கூட்டின் படை ஆலம்பரையைப் பிடித்தது; கோட்டை இடிக்கப்பட்டது. மறு ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. பத்து வருஷத்துக்குள் மூன்று எஜமானர்களைக் கண்ட கோட்டை அது! ஹெண்டி இதை எடுத்திருந்தால் சார்லி மேரியட்டைப் போல் ஒருவனைச் சுவர் ஏறச் செய்திருப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் உப்பு வாரிக்கொண்டிருந்தவன், பீரங்கிச் சத்தம் கேட்டுப் பலகையைக் கீழே போட்டு நிமிர்ந்து பார்த்தவன், அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டான்.

நம்மவர்களும் அவனைப் பெரும்பாலும் பார்க்கவில்லை. சரித்திரக் கதை என்றால் நமக்குப் பல்லவரும் சோழரும் பாண்டியருமே. ராஜகுமாரர்களும் குதிரைகளும் இல்லாமல் நமக்குக் கதை நகராது. கல்கி கோடிக்கரையில் படகோட்டும் பூங்குழலியைப் படைத்தார். அது பெரிய விஷயம். பிரபஞ்சன் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கு வந்தார்; அவருடைய ‘வானம் வசப்படும்’ 1995இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. ஆயினும் அது பெரியவர்களுக்கான நாவல்.

இதற்கு மாற்றாக வெள்ளையர் அனைவரையும் ராட்சதர்களாகவும் நம்மவர் அனைவரையும் அரிச்சந்திரர்களாகவும் காட்டும் கதை வேண்டும் என்று யாராவது கேட்டால், நாம் கையெழுத்துப் போடமாட்டோம். அது ஹெண்டியைத் தலைகீழாக நிறுத்துவதே ஆகும். லாண்டா ஏடுகளைக் கொளுத்திய மானி எது? ஸ்பானியரோடு முதலில் கைகோத்த ஷியூ வம்சத்தாரின் தலைநகரம்! எதிரிக் குலத்தாரை ஒடுக்க அந்நியனைச் சேர்த்துக்கொண்டவர்கள், இருபது வருஷத்தில் தங்கள் ஊர் நடுவிலேயே தங்கள் ஏடுகள் எரிவதைப் பார்த்தார்கள். இதை வாசிக்கும் தமிழ்ப் பையனுக்கு ஆர்க்காட்டு நவாபுப் பட்டத்துக்கு நடந்த சண்டை ஞாபகம் வராமல் போகாது. வந்தவாசியிலும் இரு பக்கமும் நம் நாட்டுச் சிப்பாய்கள் நின்றார்கள். இதை மறைத்து எழுதப்படும் வீரக் கதையை நம் வகுப்பில் நாம் வாசிக்க மாட்டோம்.

பின் யாரைப் பற்றி எழுதுவது? இரு கரைக்கும் நடுவில் அகப்பட்டவர்களைப் பற்றி எழுதலாம். 1511இல் ஸ்பானியக் கப்பல் ஒன்று உடைந்து, சிலர் யுகட்டான் கரையில் ஒதுங்கினர். 1519இல் கார்ட்டெஸ் வந்தபோது அவர்களில் இருவர் உயிரோடு இருந்தனர். அகிலார் என்பவர் ஓடிவந்து கார்ட்டெஸுக்கு மொழிபெயர்ப்பாளரானார். கெரேரோ என்பவர் வர மறுத்துவிட்டார். மாயாப் பெண்ணை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, முகத்தில் பச்சை குத்திக்கொண்டிருந்த அவர், பின்னாளில் தம் சொந்த நாட்டாரை எதிர்த்தே போர் செய்து மடிந்தார். ஒரே படகில் ஒதுங்கிய இருவர்! யார் துரோகி, யார் விசுவாசி என்று பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டால், வகுப்பு இரண்டுபட்டு மணி அடித்த பிறகும் சண்டை ஓயாது.

நம் கரையில் இவர்களுக்குத் துபாஷி என்று பெயர். டூப்ளேயின் துபாஷியாகிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினசரிக் குறிப்பு நம் கையில் இருக்கிறது. ஹெண்டியின் கண்ணுக்கு எதிர்க்கண் தமிழிலேயே உண்டு! புதுச்சேரி வீழ்வதற்குச் சில தினங்களுக்கு முன், 1761 ஜனவரி 12ஆம் தேதி பிள்ளை காலமானார். கவர்னரின் கோபம், வியாபாரிகளின் புகார், முற்றுகைக் காலத்தின் பயம், சகுனம், ஜாதகம் எல்லாம் பேச்சுத் தமிழை ஒட்டிய நடையில் அதில் கிடைக்கின்றன. பெரிய மனிதரின் நாட்குறிப்பாதலால் அளத்துப் பையன் அதில் வரமாட்டான். ஆனால் அந்தப் பையன் நடமாட வேண்டிய உலகம் முழுவதும் அதில் இருக்கிறது.

எழுத வல்லவர் யாரேனும் இதை எடுத்துக்கொள்வாரானால், கதையை 1759ஆம் வருஷத்து ஐப்பசியில் தொடங்கலாம் என்பது நம் யோசனை. மழை இறங்கிவிட்டால் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிடும்; அளத்தில் வேலை இராது; வீட்டில் அரிசியும் இராது. பையன் பிழைப்புத் தேடி ஆலம்பரைக் கோட்டை வாசலுக்குப் போவான். தண்ணீர் சுமப்பான், சமையல்கட்டில் நாலு வார்த்தை பிரெஞ்சு கற்றுக்கொள்வான். தையில் வந்தவாசிச் செய்தி வரும். அதற்குள் அளமும் காய்ந்து, அப்பன் அவனை உப்பு வாரக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருப்பான்.