கடையும் காலமும்

உணவுப் பொருள் மக்களுக்கு எளிதிற் கிடைக்கின்றதா என்று ஆராயப் புகுவோர், வீட்டிற்கும் கடைக்கும் இடையேயுள்ள தொலைவையே பெரும்பாலும் அளக்கின்றனர். அமெரிக்க நாட்டினர் நல்ல கடையில்லாத பகுதிகளுக்கு ‘உணவுப் பாலைவனம்’ என்று பெயரிட்டு, மைற்கணக்கில் வரைபடம் எழுதி வருகின்றனர். மோட்டார் வண்டியின்றி ஓரடியும் நகர்தற்கரிய அந்நாட்டிற்கு அவ்வளவை பொருந்துவதே. தமிழ்நாட்டு நகரங்களிலோ தெருவிற்கொரு மளிகைக் கடை உண்டு; ரேஷன் கடை என்று மக்கள் வழங்கும் நியாய விலைக் கடைகளும் இம்மாநிலத்தில் 30,000-க்கு மேல் உள்ளன. கடை கூப்பிடு தூரத்திலிருந்தும், கூலி வேலை செய்யும் குடும்பத்தினர் பருப்பிற்கும் எண்ணெய்க்கும் நம்மைவிட மிகுதியான விலை கொடுத்து வருகின்றனரே, இஃது எங்ஙனம்? கடை திறந்திருக்கும் வேளையில் அவர் கையிற் காசில்லை. காசு வந்த வேளையிற் கடை திறந்திருப்பதில்லை. இதனையே ஈண்டுச் சிறிது விரித்துரைக்கக் கருதுகின்றோம்.

மாதச் சம்பளம் பெறுவோர் வீட்டில், முதல் வாரத்தில் ஒரு பட்டியல் எழுதப்படுகின்றது. துவரம்பருப்பு இத்தனை கிலோ, புளி இத்தனை, மிளகாய் இத்தனை என்று ஒருங்கே வாங்குவதால் விலையும் குறைகின்றது. மழை பெய்தாலும் உடம்பு நலமின்றிப் போனாலும் அடுப்பு எரிகின்றது. இக்காலத்தில் அப்பட்டியலைக் கைப்பேசியில் அனுப்பினால் பண்டங்கள் வாயிலுக்கே வந்து சேர்கின்றன; மிகுதியாக வாங்குவார்க்குத் தள்ளுபடியும் உண்டு. நாட்கூலி பெறும் பெண்ணோ அந்தி சாய்ந்து வீடு திரும்பும்போதுதான் அன்றைய சாமானை வாங்குகின்றாள். வனாந்தரத்தில் மன்னாவைப் பொறுக்கிய இஸ்ரவேலரைப்போல, நாளைக்கென்று வைத்துக்கொள்ள அவளால் இயலாது. ஐந்து ரூபாய்ப் பொட்டலமாகத் தூளும், சிறு பாக்கெட்டாக எண்ணெயும் வாங்கி வாங்கி, முப்பது நாளில் அவள் கொடுத்த தொகையைக் கூட்டிப் பார்ப்பின், அதே அளவைப் பட்டியலில் வாங்கியவரினும் மிகுதியாகவே இருக்கும்.

தெருமுனைக் கடைக்காரரைக் கொள்ளைக்காரரென்று தூற்றுவார் பலர். நாம் அவர் பக்கமும் நின்று பார்த்தல் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கும் கடை திறந்து வைத்து, இரண்டு வெங்காயமும் ஒரு முட்டையும் கேட்பாரை முகம் சுளியாது அனுப்புபவர் அண்ணாச்சி ஒருவரே. கூலி கிடைக்காத நாளில் ஈடும் சாட்சியும் கேளாமல் நோட்டிற் பற்றெழுதிக் கொடுக்க, நாட்டில் எந்த வங்கி முன்வரும்? ஆனால் பற்று வைத்தவள் வேறு கடைக்குப் போக முடியாது. விலையையோ சரக்கின் தரத்தையோ வாய் திறந்து கேட்கவும் அஞ்சுவாள். அவர் செய்யும் உதவியே இவளுக்கு விலங்குமாகின்றது.

ரேஷன் கடை இவ்விலங்கைத் தறித்திருக்க வேண்டும். 1997-இல் மத்திய அரசு வறியவர்க்கெனத் தனிப் பங்கீட்டு முறையை வகுத்த போதும், எல்லார்க்கும் பங்கு என்னும் கொள்கையைத் தமிழ்நாடு கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர்க்கு அரிசி விலையின்றியே அளிக்கப்படுகின்றது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இவ்விலைக்கு வெளியில் எங்கும் கிடையாது. இத்துணை நன்மை செய்யும் கடைகளிற் பெரும்பாலானவை, கட்டட வேலைக்குச் செல்வோர் புறப்பட்ட பின்னர்த் திறந்து, அவர் திரும்பும் வேளையில் மூடப்படுகின்றன. பருப்பு வரவில்லை, நாளை வாருங்கள் என்ற ஒரு சொல்லால் மற்றும் ஒரு நாட்கூலி போகின்றது. பருப்பில் மிச்சமாகும் பணத்தைக் காட்டிலும் இழந்த கூலி பன்மடங்கு பெரிது என்பதை அறிந்தே பலர் வாராதிருக்கின்றனர். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளும் முதன்மையாகக் காலைச் சந்தைகளே. எழுபது வயது கடந்தோர்க்கும் மாற்றுத் திறனாளிகட்கும் வீடு தேடிப் பொருள் வழங்கும் திட்டத்தை அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியது பாராட்டத்தக்கது. உழைக்கும் வயதினர்க்கு அத்தகைய செலவு வேண்டுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் இரவு ஒன்பது மணி வரை கதவு திறந்திருப்பின் அமையும்.

இது புதுவதன்று. இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில், நெசவாளர் முதலிய தொழிலாளர் இருபத்தெண்மர் ஆளுக்கொரு பவுன் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவர்த்தியும் விற்கும் சிறு கடை திறந்தனர். பகலெல்லாம் வேலை செய்பவர் ஆதலின், தொடக்கத்தில் வாரத்திற் சில நாள் மாலையில் மட்டுமே கடை நடந்தது. கலப்பற்ற சரக்கு, சரியான நிறை, கைமேற் காசு, வாங்கிய அளவிற்கேற்ப இலாபப் பங்கு என்பன அவர் விதிகள். அவ்வழியைப் பின்பற்றியே 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. அதனைத் தோற்றுவித்தாருள் ஒருவர் வ. ச. சீனிவாச சாஸ்திரியார், அவர் அங்குள்ள இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராயிருந்தவர். பள்ளி ஆசிரியர் அரிசி பருப்பைப்பற்றிக் கவலைகொள்ளுதல் தமது நிலைக்குக் குறைவென்று எண்ணினாரல்லர்.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். விடுதி மாணவர்க்குப் பருப்பின் விலை தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. விடுதிக்கு வேண்டியவற்றை மூட்டை மூட்டையாக மொத்த விலையில் வாங்குகின்றோம். அவற்றைச் சமைப்பவரும், பாத்திரம் துலக்குபவரும், வகுப்பறை பெருக்குபவரும் மாலையில் வீடு திரும்பும்போது அவற்றையே பொட்டலமாக மிகுந்த விலைக்கு வாங்குகின்றனர். தாளும் எழுதுகோலும் விற்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் கல்லூரிகளிற் பல உண்டு. விடுதிக் கொள்முதலோடு சில மூட்டைகள் கூட வாங்கி, கூலி வழங்கும் மாலையில் இரண்டு மணி நேரம், மாணவர் முறைவைத்து நின்று, கால் கிலோவும் கொள்முதல் விலைக்கே நிறுத்துக் கொடுத்தல் அரிதா?

கடன் கேட்பாரே, அப்போது என் செய்வது என்று பொருளாளர் வினவுவார். ராக்டேல் மக்கள் கடனை அறவே விலக்கினர். அவ்வளவு கடுமை இங்கே முதலாண்டிற் செல்லாது. ஆளொன்றுக்கு ஒரு வாரப் பற்று, அதுவும் அடுத்த கூலியிற் கழிக்கத்தக்க அளவு என்று வரையறுக்கலாம். முன்னாள் மாணவர் சங்கம் முதற்பணத்திற்கு மனம் வைப்பின், வருகின்ற கல்வியாண்டிலேயே தராசும் எடைக்கற்களும் வாங்கிவிடலாம்.