பதக்கத்துக்குப் பிறகு வந்த பூட்ஸ்

அந்தப் பெண்ணின் கன்னத்தில் நீளமாக ஒரு பிளாஸ்திரி ஒட்டப்பட்டிருந்தது. காதோரத்தில் தொடங்கித் தாடை வரை இறங்கி இருந்தது.

பார்த்தவர்கள், "ஐயோ பாவம்! முகத்தில் அடிபட்டு விட்டது போலிருக்கிறது" என்று நினைத்தார்கள். அடியும் இல்லை, காயமும் இல்லை. பல்வலி! பல்லில் கிருமி தாக்கி, தாடை முழுவதும் வலி பரவி இருந்தது.

சாதாரணமாக ஒருவருக்குப் பல்வலி வந்தால் என்ன செய்வார்? கிராம்பை வைத்துக் கடித்துக் கொண்டு ஒரு மூலையில் சுருண்டு படுத்து விடுவார். "சாப்பிட வாருங்கள்" என்று அன்போடு அழைத்தால் கூட எரிந்து விழுவார்.

இந்தப் பெண் படுக்கவில்லை. அந்த வலியோடு 2 நாட்களில் 7 போட்டிகளில் கலந்து கொண்டார். ஓடினார். தாண்டினார். குண்டு எறிந்தார். ஈட்டி எறிந்தார். கடைசியில் தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் அணிந்து கொண்டார்.

அவர் பெயர் சுவப்னா பர்மன். இது நடந்தது 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 28, 29 தேதிகளில். இடம், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரம். ஆசிய விளையாட்டுப் போட்டி.

நாடே அவரைப் பாராட்டியது. "வலியை வென்ற வீராங்கனை" என்று புகழ்ந்தது. புகழ வேண்டியதுதான். அதில் இரண்டாவது பேச்சுக்கே இடம் இல்லை. ஆனால் அந்தக் கைதட்டல் சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப் போய் விட்டது. அவர் தாங்கிய வலியில் எவ்வளவு தவிர்க்க முடியாதது? எவ்வளவு, மற்றவர்கள் கவனித்திருந்தால் வராமலே போயிருக்கும்?

ரிக்‌ஷாக்காரர் மகள்

மேற்கு வங்காளத்தில், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த வடக்குப் பகுதியில் இருக்கிறது ஜல்பாய்குரி. அதன் அருகே ஒரு சிறு கிராமத்தில் பிறந்தவர் சுவப்னா. ஆண்டு 1996.

தந்தை ரிக்‌ஷா ஓட்டியவர். தாய் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 2013-ம் ஆண்டில் தந்தை பக்கவாதத்தில் விழுந்தார். ரிக்‌ஷா நின்று போயிற்று. தகரக் கூரை போட்ட வீடு. மகள் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் வாங்கி வந்த பரிசுப்பணம், அந்த வீட்டில் அடுப்பு எரிய உதவியது.

இந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே இன்னொரு வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு காலிலும் 6 விரல்கள். இரண்டு காலுக்கும் சேர்த்து 12!

கைகால்களில் ஆறாவது விரல் இருந்தால் "அதிர்ஷ்டம்" என்று சொல்லும் பாட்டிமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுவப்னாவுக்கு அந்த அதிர்ஷ்டம் பூட்ஸ் போடும்போதெல்லாம் வலித்தது! கடையில் விற்கும் பூட்ஸ் 5 விரல்களுக்காகச் செய்தது. 5 பேர் உட்காரும் பெஞ்சில் 6 பேர் நெருக்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவருடைய விரல்கள் பூட்சுக்குள் நசுங்கின. ஓட்டக்காரர்கள் அணியும் ஆணி வைத்த பூட்ஸ், மற்றவற்றை விட இறுக்கமானது. தாண்டிக் குதித்துத் தரையில் கால் ஊன்றும்போது உயிர் போகும்.

ஏழு போட்டியும் ஏழு வலியும்

பெண்களுக்கான இந்த ஏழு போட்டிக்கு 'ஹெப்டத்லான்' என்று பெயர். ஒரே ஆள் ஏழிலும் கலந்து கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அதிகப் புள்ளி பெற்றவருக்குத் தங்கம். ஒன்றில் தோற்றாலும் இன்னொன்றில் ஈடு கட்டலாம். மளிகைக் கடைக் கணக்குப் போலத்தான்!

முதல் நாள், 100 மீட்டர் தடை ஓட்டம், உயரந்தாண்டல், குண்டு எறிதல், 200 மீட்டர் ஓட்டம். இரண்டாம் நாள், நீளந்தாண்டல், ஈட்டி எறிதல், 800 மீட்டர் ஓட்டம்.

சுவப்னாவுக்குப் பல் மட்டும் அல்ல, முதுகும் சரியில்லை. கணுக்காலும் தொல்லை கொடுத்தது. அப்படிப்பட்ட உடம்புக்கு இந்த ஏழும் என்ன செய்யும் என்று பார்த்தால்தான், அவர் செய்த காரியத்தின் அளவு புரியும்.

தடை ஓட்டத்தில் 84 சென்டிமீட்டர் உயரமான 10 தடைகள் இருக்கும். ஒவ்வொரு தடையைத் தாண்டியதும் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். உடம்பின் எடையைப் போலச் சில மடங்கு பாரம் அந்த ஒரு பாதத்தில் விழுகிறது. நசுங்கிய 6 விரல்களோடு அப்படி 10 தடவை! 13.98 வினாடியில் ஓடி முடித்தார்.

உயரந்தாண்டலில் முதுகை வில்லாக வளைத்து, மல்லாந்தபடி குறுக்குக் கம்பிக்கு மேலே போக வேண்டும். முதுகு வலிக்காரருக்கு டாக்டர், "இதை மட்டும் செய்யாதே" என்று எதைச் சொல்வாரோ, அதேதான் இது. அதில் 1.82 மீட்டர் தாண்டி முதலாவதாக வந்தார். 1,003 புள்ளிகள். ஏழில் அவருக்கு மிக அதிகப் புள்ளி கிடைத்தது இதில்தான்.

குண்டு 4 கிலோ எடை உள்ளது. அதைத் தாடைக்கு அருகே, கழுத்தோடு அணைத்து வைத்துக் கொண்டுதான் எறிய வேண்டும். எந்தத் தாடை? வலிக்கிற தாடை! எறிகிற நேரத்தில் எவருமே தம்மை அறியாமல் பல்லைக் கடிப்பார்கள். 12.69 மீட்டர் எறிந்தார். 200 மீட்டர் ஓட்டத்தை 26.08 வினாடியில் முடித்தார். வேக ஓட்டம் அவருக்கு எப்போதும் கொஞ்சம் பலவீனம்தான்.

மறுநாள் 6.05 மீட்டர் நீளம் தாண்டினார். ஈட்டியை 50.63 மீட்டர் எறிந்து அதிலும் முதலிடம். ஈட்டி எறிவது கையின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை முதுகுடையது. ஓடி வந்த வேகத்தில் முன்காலைத் திடீரென்று ஊன்றி, உடம்பை முறுக்கி விட வேண்டும்.

மிச்சம் இருந்தது 800 மீட்டர். 6 போட்டிகளில் களைத்த கால்கள், இரண்டு சுற்று ஓட வேண்டும். 2 நிமிடம் 21.13 வினாடியில் கோட்டைத் தொட்டார். மொத்தம் 6,026 புள்ளிகள். அதற்கு முன் அவர் 6,000-ஐத் தொட்டதே இல்லை. சீன வீராங்கனை வாங் சிங்லிங் 5,954 புள்ளிகளோடு இரண்டாவது இடம். ஆசிய விளையாட்டில் இந்தப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஊரில் அவருடைய தாய், காளி சன்னதியிலேயே பழியாகக் கிடந்தார். செய்தி கேட்டதும் அந்த அம்மாள் கதறிய கதறலைப் பின்னர் தொலைபேசிப் படத்தில் பார்த்துக் கண் கலங்காதவர் இல்லை.

ஓடாமல் இருந்திருக்கலாமா?

"இவ்வளவு வலியோடு எதற்கு ஓட வேண்டும்? உடம்பு முக்கியமா, பதக்கம் முக்கியமா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். வீட்டில் பெரியவர்கள் கேட்கிற கேள்வி.

விளையாட்டு டாக்டர்கள் வலியை இரண்டாகப் பிரிப்பார்கள். உழைத்த களைப்பில் தசையெல்லாம் பரவலாக வலிப்பது ஒன்று. ஓரிரு நாள் ஓய்வில் அது போய் விடும். இன்னொன்று, ஒரே இடத்தில் குத்துகிற வலி. நடந்தாலும் குத்தும், படுத்தாலும் விடாது, நாளுக்கு நாள் ஏறும். அது எலும்போ, மூட்டோ, தசைநாரோ "போதும், நிறுத்து" என்று சொல்கிற குரல். அதைக் கேட்காமல் ஓடினால், 2 வாரத்தில் ஆற வேண்டியது 6 மாதம் இழுக்கும். சில சமயம் ஆயுள் முழுவதும் இழுக்கும்.

இது சுவப்னாவுக்கும் தெரியும். அவருடைய பயிற்சியாளர் சுபாஷ் சர்க்காருக்கும் தெரியும். தெரிந்துதான் போனார்கள். ஏன்? ஆசிய விளையாட்டு 4 ஆண்டுக்கு ஒரு தடவை வருவது. வசதியான வீட்டுப் பெண், "இந்தத் தடவை உடம்பு சரியில்லை, அடுத்த தடவை பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்ல முடியும். தந்தை படுக்கையில், தாய் கூலி வேலையில் என்று இருக்கிற பெண்ணுக்கு அடுத்த தடவை என்பது எங்கே இருக்கிறது? ஒரு பதக்கம் என்றால் வேலை. வேலை என்றால் வீடு, மருந்து, சோறு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் வலியை அதிகம் தாங்குவதற்கு, அவர்கள் உடம்பு இரும்பால் செய்யப்பட்டது என்பது காரணம் அல்ல. நிறுத்துவதற்கு வசதி இல்லை.

அதற்கு முந்திய ஆண்டும் இதே கதைதான். 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,942 புள்ளிகளோடு தங்கம் வாங்கினார். 800 மீட்டர் கோட்டைத் தாண்டியதும் அப்படியே தரையில் சாய்ந்து விட்டார். அவருக்கு முன்னால் கர்நாடகத்து ஜே.ஜே. ஷோபா இருந்தார். 2004-ல் ஏதென்சு ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்தபோது அவருக்குக் காலில் அடிபட்டது. தூக்கிக் கொண்டு போனார்கள். திரும்பி வந்து, கணுக்காலில் கட்டோடு 800 மீட்டரை ஓடி முடித்தார். 6,172 புள்ளி, 11-வது இடம். 11-வது இடத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

ஆக, வலியோடு ஓடுகிற பெண்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. பஞ்சம் வேறு எதிலோ இருக்கிறது.

21 ஆண்டுகள் யாரும் பார்க்காத கால்

பல்வலியை யாராலும் தடுத்திருக்க முடியாது என்றே வைத்துக் கொள்ளலாம். முதுகு வலியும் இந்த விளையாட்டில் சகஜம். விரல் வலி?

12 விரல்கள் ஜகார்த்தாவில் திடீரென்று முளைத்தவை அல்ல. பிறந்த அன்றே இருந்தவை. 2014-ல் தென் கொரியாவில் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுக்கு இந்தியச் சட்டை அணிந்து போனபோது அவருக்கு 17 வயது. அப்போதும் இதே கால்கள்தான். முகாம்களில் எத்தனையோ அதிகாரிகள் வந்து பார்த்திருப்பார்கள். உயரம் அளந்திருப்பார்கள், எடை பார்த்திருப்பார்கள். பாதத்தைப் பார்த்து, "இந்தப் பெண்ணுக்குத் தனியாகப் பூட்ஸ் செய்து கொடுங்கள்" என்று உத்தரவு போட்டு முடித்துத் தர ஒருவருக்கும் தோன்றவில்லை.

தெரு முனையில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் போனால் என்ன செய்கிறார்? காலைக் காகிதத்தின் மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு போடுகிறார். 2 நாளில் செருப்பு தயார். ஓட்டப்பந்தயப் பூட்ஸ் அவ்வளவு சுலபம் அல்லதான். அதற்கு இயந்திரமும் பணமும் வேண்டும். ஆனால் முதல் வேலை அந்தப் பென்சில் கோடுதான். அதைப் போட யாரும் வரவில்லை.

தங்கம் வாங்கிய பிறகு சுவப்னாவே வாய் விட்டுக் கேட்டார். சாதாரண பூட்சில் பயிற்சி செய்வது மிகவும் கஷ்டமாக இருக்கிறது, தமக்குப் பொருந்துகிற மாதிரி யாராவது செய்து தந்தால் நல்லது என்றார். பதக்கம் வாங்கிய பெண் கேட்டால் உலகம் காது கொடுக்கும் அல்லவா? சில வாரங்களுக்குள் இந்திய விளையாட்டு ஆணையம் 'அடிடாஸ்' கம்பெனியுடன் பேசி ஏற்பாடு செய்தது. அவரை ஜெர்மனிக்கே வரவழைத்துக் கால்களை அளந்தார்கள். 2019-ல் போட்டிக்கு ஒன்றாக, அவருக்கென்றே செய்த பூட்சுகள் வந்து சேர்ந்தன.

சில மாதங்களில் முடிகிற காரியம்! அதற்கு ஒரு தங்கப் பதக்கத்தை முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. ஜகார்த்தாவில் அவர் ஐந்தாவதாக வந்திருந்தால்? கால் அதே கால். வலி அதே வலி. பூட்ஸ் வந்திருக்குமா?

இந்தக் கேள்வியை டெல்லியில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டுப் பயன் இல்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழா நடக்கும்போது, "சார், முட்டி வலிக்கிறது" என்று ஒரு பெண் வந்து சொல்கிறாள். "சுவப்னாவைப் பார்! பல்வலியோடு ஓடவில்லையா?" என்று அவளை விரட்டுகிற ஆசிரியர் உண்டு. அண்ணன் போட்டுக் கழித்த பெரிய பூட்சுக்குள் துணியைத் திணித்து, "இந்த வருஷம் இதிலேயே ஓடு" என்கிற தகப்பனாரும் உண்டு. அவரிடம் பணம் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடமாவது அந்தப் பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைத்து, காலைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி நன்றாகப் பார்க்கலாம். அதற்குச் செலவு ஒரு காசு இல்லை.

பூட்ஸ் வந்த 2019-ல், டோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் சுவப்னா 5,993 புள்ளிகளோடு வெள்ளி வாங்கினார். அர்ஜுனா விருதும் அந்த ஆண்டு கிடைத்தது. ஆனால் முதுகு அவரை விடவில்லை. விட்டு விட்டுத்தான் போட்டிகளுக்கு வர முடிந்தது. 2023-ல் பாங்காக்கில் மீண்டும் வெள்ளி, 5,840 புள்ளி.

அதே ஆண்டு சீனாவில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டு. மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கிய தெலங்கானாப் பெண் நந்தினி அகசராவுக்கு 5,712 புள்ளி. நான்காவதாக வந்த சுவப்னாவுக்கு 5,708. வித்தியாசம் 4 புள்ளி. நீளந்தாண்டல் கணக்கில் அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்.