கம்ப்ரஸர் போகவில்லை, கிளட்ச்தான் போயிற்று!

கைத்தொழில் அறிவோம்



கடந்த கோடைக்காலத்தில் ஒருநாள் பிற்பகல், சவூதி அரேபியாவின் தம்மாம் நகரிலிருந்து என் சகோதரியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பழைய பிக்கப் வண்டி ஒன்றில் தம்மாமுக்கும் ரியாதுக்கும் இடையே சரக்கு ஏற்றிச் செல்வது அவன் பணி. ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இருமருங்கும் பாலைவனம். வெளியே வெப்பம் 45 டிகிரிக்கு மேல்.

"மாமா, வண்டியில் ஏ.ஸி. வேலை செய்யவில்லை. கம்ப்ரஸர் போய்விட்டதாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒரு மாதச் சம்பளம் அதற்கே போய்விடும். உம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றான்.

ஒப்பந்தப்படி வண்டியின் பழுதுச் செலவு அவனைச் சேர்ந்தது. அந்த மாதப் பணமோ தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஊரில் காத்திருந்தது. ஆகவே ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டி வந்திருக்கிறான். முந்தின நாள் கண் சொருகி, வண்டி சாலையோர மணலில் இறங்கிய பிறகே விழித்தானாம். அதைக் கேட்டபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சபுர் வாழ்வில் பல ஆண்டுகளை அதே ஊர்ப் பட்டறையில் கழித்துத் திரும்பியவன் நான்.

"காலையில் குளிர் வருகிறதா?" என்று கேட்டேன்.

"வருகிறது மாமா. இரண்டு மணி நேரம் ஓடினால் நின்றுவிடும். இரவு வண்டி ஆறிய பின் மறுபடியும் வரும்."

"அப்படியானால் அவசரப்படாதே. செத்துப்போன கம்ப்ரஸர் காலையில் எழுந்து வேலை செய்யாது" என்றேன்.

கிளட்ச் என்பது யாது?

ஏ.ஸி.யின் இதயம் கம்ப்ரஸர். அதை இன்ஜின் ஒரு பெல்ட் மூலம் சுழற்றுகிறது. ஆயினும் எந்நேரமும் அது சுழலத் தேவையில்லை. 1940ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பேக்கார்ட் காரில் முதன்முதலாக ஏ.ஸி. பொருத்தினார்கள். அதில் கிளட்ச் கிடையாது! குளிர் வேண்டாமென்றால் இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்றிவிட வேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்ப்பதே மின்காந்தக் கிளட்ச்.

அதன் உறுப்புகள் மூன்று. பெல்ட்டினால் எப்போதும் சுழலும் புல்லி ஒன்று. அதன் உட்புறத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும் செப்புக் கம்பிச் சுருளாகிய காயில் மற்றொன்று. கம்ப்ரஸரின் தண்டோடு இணைந்து முன்னால் நிற்கும் வட்டமான பிளேட் மூன்றாவது. பொத்தானை அழுத்தியதும் காயிலுக்கு 12 வோல்ட் மின்சாரம் செல்கிறது. பெரிய லாரிகள் பலவற்றில் 24 வோல்ட். காயில் காந்தமாகி, பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டச் செய்கிறது. 'டக்' என்ற ஓசை கேட்கிறது. கம்ப்ரஸர் சுழல்கிறது. மின்சாரம் நின்றதும் பிளேட் விலகிக் கொள்கிறது. ஓடும்போது இடையிடையே இந்த ஓசை கேட்பது இயல்பே. அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

காலையில் உழைத்து நண்பகலில் நிற்பது ஏன்?

விலகி நிற்கும் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. தயாரிப்புக்கேற்ப அது 0.3 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆண்டுக்கணக்கில் உராய்ந்து உராய்ந்து இரு முகங்களும் தேய்கின்றன, இடைவெளி அகல்கிறது. அத்துடன் செம்பின் மின்தடை வெப்பத்தால் உயரும் இயல்புடையது. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ 4 சதவீதம். காலையில் 30 டிகிரியில் இருந்த காயில், நண்பகலில் இன்ஜினின் அனலில் 100 டிகிரியைத் தொட்டால், தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். மின்னோட்டம் குறையும், காந்த வலிமையும் குறையும். அகன்ற இடைவெளியைத் தாண்டிப் பிளேட்டை இழுக்க அதனால் இயலாது. இரவில் ஆறியதும் வலிமை திரும்பிவிடும்.

குற்றவாளியைக் கண்டறிவது எப்படி?

குளிர் நின்றிருக்கும் வேளையில்தான் சோதிக்க வேண்டும். தளர்ந்த சட்டை, துண்டு ஆகியவற்றைக் களைந்துவிடுங்கள். ஓடும் பெல்ட்டின் அருகே கையைக் கொண்டு செல்லாதீர்கள்.

முதலாவதாக, பானட்டைத் திறந்து பாருங்கள். புல்லி சுழன்று, நடுவிலுள்ள பிளேட் அசையாமல் நின்றால் கிளட்ச் பிடிக்கவில்லை என்று பொருள். பிளேட்டும் சுழன்று குளிர் மட்டும் இல்லையென்றால் காரணம் வேறு.

இரண்டாவதாக, பிடிக்காத அந்நேரத்தில் காயிலின் ஒயரில் மின்சாரம் வருகிறதா என மல்டிமீட்டரால் பாருங்கள். கனெக்டரைக் கழற்றாமல் இணைத்தபடியே அளக்க வேண்டும். கழற்றி அளந்தால் துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றிவிடும். மின்சாரம் வரவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச் ஆகியவற்றை ஆராய வேண்டும். காஸ் குறைந்திருந்தால் கிளட்ச்சுக்கு மின்சாரம் போகாமல் தடுப்பது பிரஷர் ஸ்விட்ச்சின் கடமை. சிலர் அதை ஒயரால் இணைத்து ஓட்டிவிடுவார்கள். அது பெருந்தவறு! கம்ப்ரஸருக்கான எண்ணெய் காஸோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. காஸ் இல்லாமல் ஓட்டினால் நல்ல கம்ப்ரஸரும் வறண்டு இறுகிவிடும்.

மூன்றாவதாக, மின்சாரம் சரியாக வந்தும் பிளேட் அசையவில்லையெனில் பழுது கிளட்ச்சிலேயே உள்ளது. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, கனெக்டரைக் கழற்றி, காயிலின் தடையை அளங்கள். 12 வோல்ட் வண்டியில் பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. பின் ஃபீலர் கேஜால் இடைவெளியைச் சுற்றிலும் மூன்று இடங்களில் அளங்கள்.

நான்காவதாக, பிளேட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சற்றே இறுக்கத்துடன் சீராகச் சுழன்றால் கம்ப்ரஸர் நலமாக உள்ளது. அசையவே மறுத்தால் கம்ப்ரஸர் இறுகிவிட்டது. புதிய கிளட்ச் போட்டாலும் அது கருகிவிடும்.

மருமகன் மறுநாள் நண்பகலில் இவற்றைச் செய்து பார்த்தான். ஒயரில் 13 வோல்ட்டுக்கு மேல் வந்தது. காயில் 3.7 ஓம். பிளேட் கையால் சீராகச் சுழன்றது. இடைவெளி மட்டும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது!

மாற்றும் முறை

பிளேட்டுக்கு உட்புறத்தில் ஷிம் எனப்படும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி குறையும். முகங்கள் நல்ல நிலையில் இருந்தால் இதுவே போதும், காசு செலவில்லை. ஆனால் அவனுடைய வண்டியில் பிளேட் வெப்பத்தால் நீலம் பூத்து வரிவரியாகத் தேய்ந்திருந்தது. ஏ.ஸி.யை அணைத்திருக்கும்போதும் புல்லியில் உறுமல் கேட்டது; அது பேரிங் தேய்ந்ததன் அடையாளம். எனவே புல்லி, காயில், பிளேட் மூன்றும் சேர்ந்த கிளட்ச் செட்டை வாங்கச் சொன்னேன்.

இங்கே ஓர் உண்மையை நெஞ்சில் நிறுத்துங்கள். கிளட்ச் முழுவதும் கம்ப்ரஸருக்கு வெளியே இருக்கிறது. அதை மாற்றக் காஸை வெளியேற்றத் தேவையில்லை. முன்புறம் கருவி நுழைய இடமில்லாத வண்டியிலும், குழாய்களைக் கழற்றாமலே கம்ப்ரஸரைச் சற்று நகர்த்தி வேலை பார்க்கப் பலவற்றில் முடியும். ஆனால் பிளேட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்டின் சீல் கசிகிறது என்று பொருள். அது காஸ் கருவிகள் உள்ள பட்டறையின் வேலை.

வெள்ளிக்கிழமை விடுமுறையில், வெயில் சாய்ந்த பின், அறைத் தோழர் ஒருவரின் உதவியோடு வேலையைத் தொடங்கினான். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி எடுத்தான். நடு போல்ட்டைக் கழற்றி, பிளேட்டைப் புல்லரால் இழுத்தான். சுத்தியலால் தட்டவே கூடாதென்று முன்பே எச்சரித்திருந்தேன்; தட்டினால் தண்டும் சீலும் பழுதாகும். பின் சர்க்ளிப்பை விலக்கிப் புல்லியையும், அடுத்த சர்க்ளிப்பை விலக்கிக் காயிலையும் எடுத்தான். புதிய காயிலை அதற்குரிய முளை, குழியில் சரியாக அமரும்படி வைத்து, மற்றவற்றை அதே வரிசையில் பூட்டினான். ஷிம்களை மாற்றி மாற்றி வைத்து, இடைவெளியை 0.5 மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்தான். முகங்களில் எண்ணெய்க் கை படாமல் பார்த்துக் கொண்டான். இறுதியில் இன்ஜினை ஓடவிட்டு, இருபது முறை ஏ.ஸி.யைப் போட்டு அணைத்தான். புதிய முகங்கள் ஒன்றோடொன்று பழகவே இந்த ஏற்பாடு.

பட்டறையில் கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அடுத்த ரியாத் பயணத்தில், நண்பகல் கடந்த பிறகு அழைத்தான். "மாமா, கை விறைக்கிறது!" என்று சிரித்தான்.

வெளிநாட்டில் வண்டி ஓட்டும் உங்கள் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் இதை எழுதி அனுப்புங்கள். தாமாகச் செய்ய இயலாதவர்களும் மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். காயிலுக்கு மின்சாரம் வருகிறதா? இடைவெளி எவ்வளவு? கம்ப்ரஸர் கையால் சுழல்கிறதா? இம்மூன்றுக்கும் விடை சொல்லாமல் "கம்ப்ரஸர் போய்விட்டது" என்பவரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

தங்கையின் கல்லூரிக் கட்டணம் உரிய நாளில் வந்து சேர்ந்தது. மகன் மணலில் வண்டியை இறக்கிய செய்தி என் சகோதரிக்கு இன்றளவும் தெரியாது. இந்த இதழ் அவள் கைக்குப் போகுமுன் அவனே சொல்லிவிட வேண்டும் என்று கண்டிப்பாகக் கூறியிருக்கிறேன்!