சோற்றை விட முடியுமா?

சோறு கூடாது, இட்டிலி கூடாது, சப்பாத்தி, பருப்பு, சர்க்கரையும் கூடாது. கறி, முட்டை, மீன், காய், கீரை, தேங்காய் சாப்பிடலாம். இதுதான் 'பேலியோ' உணவு. உழவு தோன்றுமுன் கற்கால மனிதன் தின்றதையே தின்ன வேண்டும் என்பது கொள்கை. 1985-ல் அமெரிக்காவில் ஈட்டன், கானர் என்ற இருவர் இதைப் பற்றி எழுதினார்கள். தமிழில் பரப்பியவர் நியாண்டர் செல்வன்.

பலன் உண்டா? உண்டு. மாவுச்சத்து குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை குறையும். இந்தியாவில் 10 கோடி பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே, இதைச் சிரித்து ஒதுக்க முடியாது.

செலவுக்கு எங்கே போவது?

போத்தனூரிலிருந்து குறிச்சி சிட்கோ பட்டறைக்குப் போகும் தொழிலாளியின் வீட்டைப் பாருங்கள். ரேஷன் கடையில் கிடைப்பது என்ன? அரிசி, கோதுமை, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில். அத்தனையும் பேலியோவில் விலக்கு! அரிசியோ 2011 முதல் இலவசம். காலையில் நூறு பாதாம் தின்னச் சொல்கிறார்கள். அதை யார் இலவசமாகக் கொடுப்பார்கள்?

கம்பும் சோளமும் தின்ற கொங்குநாட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை இல்லையே என்பார்கள். அவர் பொழுதெல்லாம் காட்டில் பாடுபட்டார். பேலியோவில் கம்புக்கும் இடமில்லை.

நடுவழி ஒன்று உண்டு. சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தில் நாமக்கல் முட்டையும் கீரையும் பொரியலும் வைக்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. மாமியாரும் கோபிக்கமாட்டார்!

ஓர் ஆபத்தும் இருக்கிறது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால், சர்க்கரை மிகவும் இறங்கி மயங்கி விழலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அதிகக் கறி ஆகாது. முதலில் டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றவேண்டும். தட்டை மாற்றுவது அப்புறம்.