அயானாவுக்குக் கைதட்டுகிறோம், நம்ம ஊர்ப் பிள்ளைக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

2017 நவம்பரில் மூன்று நாளாக என் முகநூல் முழுக்க ஒரே முகம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'புரொஜெக்ட் ரன்வே' ஆடை வடிவமைப்புப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற அயானா இஃபே. சோல்ட் லேக் சிட்டியிலிருந்து வந்த ஹிஜாப் அணிந்த முஸ்லிம் பெண். போட்டி முழுவதும் உடலை மறைக்கும் கண்ணியமான உடைகளையே தைத்தவர். நவம்பர் 16ஆம் திகதி முடிவு வந்தது. முதலிடமும் ஒரு இலட்சம் டொலர் பரிசும் ஜப்பானில் பிறந்த கென்டாரோ கமேயாமாவுக்கு.

அவ்வளவுதான், நம்ம ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கட்சி, "முஸ்லிம் என்பதால் தோற்கடித்துவிட்டார்கள்" என்கிறது. மற்றக் கட்சி, "பெஷன் ஷோவில் ஹிஜாபா, இதெல்லாம் மார்க்கமா?" என்று கேட்கிறது.

முதல் கட்சிக்கு ஒரு கேள்வி. 16 பேர் தொடங்கிய போட்டி அது. வாரா வாரம் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வாய்ப்பு இருந்தது. வெறுப்புத்தான் காரணமென்றால் அவரை ஏன் கடைசி நான்கு பேரில் ஒருவராக நியூயோர்க் பெஷன் வீக் மேடை வரை கொண்டுபோனார்கள்? நடுவர்களுக்கு கென்டாரோவின் உடைகள் கூடுதலாகப் பிடித்திருந்தன. அவ்வளவுதான். பரிசளிப்பு விழா முடிந்த மறுநாள், "என்ட மகளுக்கு வேண்டுமென்றே இரண்டாமிடம் தந்திருக்கிறீங்க" என்று பாடசாலைக்கு வந்து நிற்கும் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறவள் நான். அந்த வாதம் எனக்கு நன்றாகப் பழக்கம். அது பிள்ளையின் உழைப்பைத்தான் சின்னதாக்கும்.

இரண்டாம் கட்சிக்கு. மேடையில் பெண்கள் நடப்பது சரியா என்பதை உலமாக்களிடம் விடுகிறேன். ஆனால் தையல் தொழிலை இளப்பமாகப் பேசாதீர்கள். நபி (ஸல்) அவர்களின் மனைவி ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தன் கையால் தோல் பதனிட்டுத் தைத்து, வந்த வருமானத்தை தர்மம் செய்தவர்கள் என்று படித்திருக்கிறோம்.

சரி, என் கோபம் இந்த இரண்டு கட்சியோடும் இல்லை. பதிவைப் பகிர்ந்து "மாஷா அல்லாஹ், பெருமையாக இருக்கு" என்று எழுதிய நம்ம எல்லோரோடும்தான். என்னையும் சேர்த்து.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கணிதக் கொப்பியின் பின்பக்கம் முழுக்க கழுத்து டிசைன், கை டிசைன் வரைந்து வைத்திருப்பாள். நான் ஏசினேன். ஒரு நாள் அந்தப் பக்கத்தைக் கிழித்தும் போட்டேன். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் அவளுடைய உம்மாவிடம் துணி கொடுக்கப் போனேன். தரையில் துணியை நான்காக மடித்துப் போட்டு, ஒரு அம்பிரெல்லா பாவாடை வெட்டிக்கொண்டிருந்தாள் பிள்ளை. இடுப்பளவு 28 அங்குலம். "எப்படி வளைவு எடுக்கிறா?" என்றேன். "ஆறால வகுத்து அதில கொஞ்சம் குறைக்கிற, டீச்சர். நாலரை வரும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுற்றளவு 28. பையின் பெறுமானம் இருபத்திரண்டின் கீழ் ஏழு. ஆரை 4.45 அங்குலம். பத்து வருடமாக நான் கரும்பலகையில் எழுதும் சூத்திரத்தை அந்தப் பிள்ளை கத்தரிக்கோலால் எழுதிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு 'டபிள்யூ' போட்ட கூட்டத்தில் ஒருத்தி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது அவள் ஒரு கடைக்கு வீட்டிலிருந்து அபாயா தைத்துக் கொடுக்கிறாள். 2017இல் ஒன்றுக்கு 500 ரூபா கூலி. நூலும் கரண்டும் அவளுடையது. அதே அபாயா கடைக்குப் போய் ஒரு லேபல் ஏறியதும் 5,500 ரூபா. நாம் 'டுபாய் மால்' என்று நம்பி வாங்கி வருகிறோம். பேரம்கூடப் பேசுவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுத் தையல் ராத்தாவிடம் போய் 50 ரூபா குறைக்கச் சொல்வோம். நோன்பு 27இல் துணியைக் கொடுத்து, பிறை பார்க்கிற இரவில் கேட்போம். காசு கேட்டால், "பெருநாள் கழியட்டும்". வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு!

அயானாவின் போட்டியில் அந்த முறை ஒரு புதுமை: மெலிந்த பெண்களுக்கு மட்டுமில்லாமல் எல்லா உடம்பு அளவுக்கும் தைக்கச் சொன்னார்களாம். அமெரிக்காவே பாராட்டியது. நம்ம ராத்தாக்கள் முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறார்கள், ஒரு கைதட்டலும் இல்லாமல்.

2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையோரத்தில் எத்தனை வீட்டுக்கு தையல் மெஷின் கொடுத்தார்கள் என்று நினைவிருக்கிறதா? மெஷின் வந்தது. தைத்ததை யார் வாங்குவது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பல வீடுகளில் அது இப்போது துணி மடித்து வைக்கும் மேசை. கல்முனையைத் தாண்டினால் மருதமுனை. ஒரு காலத்தில் தெருத்தெருவாகத் தறிச் சத்தம் கேட்ட ஊர். மருதமுனைச் சாரன் என்றால் நாடு முழுக்க மதிப்பு. பக்கத்தில் இப்படி ஒரு நெசவு ஊரை வைத்துக்கொண்டு, நம்ம கல்யாண வீடுகளுக்கு வெளிநாட்டுத் துணிதான் வேண்டும் என்கிறோம். நெய்கிறவர் மருதமுனையில், தைக்கிறவர் சாய்ந்தமருதில், வாங்குகிறவர் இருவருக்கும் நடுவில். இந்த மூன்று பேரையும் சேர்த்து வைக்க அமெரிக்காவிலிருந்தா ஆள் வர வேண்டும்?

"படிப்பு ஏறாட்டித் தையலுக்கு விடுவோம்" என்று சொல்லும் வாய் முதலில் மாற வேண்டும். ஆடை வடிவமைப்புக்கென்றே மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. உளச்சார்புப் பரீட்சை எழுதித்தான் நுழைய வேண்டும். நம்ம பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள் இதைச் சொல்லியிருக்கிறோம்? எனக்கே தெரிய வந்து சில வருடம்தான். கணிதத்தில் விழுந்த பிள்ளைக்கும் கதவு அடைபடவில்லை. தையலுக்கு தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், அதுதான் என்.வீ.கியூ., இருக்கிறது. அந்த முறையில் நான்காம் நிலைக்கு மேல் டிப்ளோமா, ஏழாம் நிலை பட்டத்துக்குச் சமம். ஏணி இருக்கிறது. நாம் பிள்ளைக்கு அதைக் காட்டவில்லை.

தனியான உள்ளூராட்சி சபை வேண்டுமென்று 2017இல் ஊரே கடையை மூடி நின்றது. அந்த ஒற்றுமையில் பத்தில் ஒரு பங்கு போதும் இதற்கு. மூன்று வேலைதான் கேட்கிறேன்.

ஒன்று, தையல் கூலியை துணி கைக்கு வந்த அன்றே கொடுங்கள்.

இரண்டு, அபாயா விற்கும் கடைக்கார சகோதரர்களே, இங்கே தைத்ததை இங்கே தைத்ததென்று சொல்லி விற்றுப் பாருங்கள். கூலியையும் ஒரு தடவை நெஞ்சில் கை வைத்து யோசியுங்கள்.

மூன்று, ஆசிரியர்களே, கொப்பியின் பின்பக்கத்தைக் கிழிக்குமுன் ஒரு தடவை பாருங்கள்.

"டீச்சர், நீங்க படிப்பிக்கிற வேலையைப் பாருங்க" என்று கருத்துப் பெட்டியில் ஒருவர் எழுதுவார், தெரியும். அந்த வேலையை ஒரு பிள்ளையின் விஷயத்தில் நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அயானா இஃபேயின் உழைப்புக்கு என் மரியாதை. அவர் கேட்டு நாம் கைதட்டவில்லை, நாம் தட்டாவிட்டாலும் அவருக்குக் குறைவில்லை. நம்ம தெருவில் மெஷின் சத்தம் கேட்கும் வீட்டுக்கு நாளைக்கு ஒரு தடவை போங்கள். போன பெருநாளின் பாக்கி இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய கையுழைப்பிலும் பரக்கத் செய்வானாக.